சர்வருக்கு வைத்த சந்தனப் பொட்டு

என் நெஞ்சுக்குள் பஞ்சு இருக்கிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார், சீட்டில் எழுதியும் கொடுத்தார். எனக்குப் பஞ்சு என்றால்தான் புரிகிறது. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அப்பா அம்மாவோடு தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவள் நான். முதலில் டைலருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடிக்கிற கைமடி வேலை, அப்புறம் செக்கிங் டேபிள். பனியனைத் திருப்பித் திருப்பி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நாள் முழுக்கத் துணியை உதறினால் பஞ்சு பறக்கத்தான் செய்யும். புருவத்தில் ஒட்டும், டீயில் மிதக்கும். மூக்கில் ஏறியது எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் நானும் யோசித்தேன்.

"இனிமே தூசியில நிக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். திருப்பூரில் தூசியில் நிற்காத வேலை எது என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு ஒன்று கிடைத்தது. எங்கள் கம்பெனி பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிறது. மாடியில் ஒரு சின்ன அறை. அதற்கு ஏசி, இழுத்துச் சாத்துகிற கண்ணாடிக் கதவு. உள்ளே கம்பெனிக் கணக்கும் லேபிள் விவரமும் இருக்கிற சர்வர் கம்ப்யூட்டர், லேபிள் அடிக்கிற பிரிண்டர், ஒரு நாற்காலி. ஏசி எல்லாம் சர்வருக்காகப் போட்டதுதான், மனுசருக்காக இல்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்தினால் பஞ்சு வராது. அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் அடித்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். சைஸ், கலர், ஸ்டைல் நம்பர் எல்லாம் செக்கிங்கில் இருந்ததால் எனக்கு அத்துப்படி. ஆங்கில எழுத்து கூட்டி வாசிப்பேன். அது போதும் என்றார்.

லேபிள் அடிக்கப் போனவள் மெல்ல மெல்ல சர்வரையும் பார்த்துக்கொள்கிறவளாகிவிட்டேன். அதற்குக் காரணம் என் அறிவு இல்லை, பயம். நான் கேஸ் வால்வை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். வீட்டுப் பூட்டை நான் இழுத்துப் பார்க்கிற இழுப்பில் அதுவே ஒருநாள் கழன்று வந்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர். சர்வருக்கு அந்தப் பயம் நன்றாகப் பொருந்தியது. பேக்கப் ஆனதா என்று பார்ப்பேன். யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சர்வீஸ் தம்பி போனில் சொல்லச் சொல்ல, அப்டேட் போடவும் கற்றுக்கொண்டேன்.

இந்த அப்டேட் விஷயத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்கு விளங்க வைக்க அந்தத் தம்பி படாத பாடு பட்டார். கடைசியில் நானே ஒரு மாதிரி புரிந்துகொண்டேன். லைன் சூப்பர்வைசர் மாதிரி அது. எந்த டைலருக்கு எந்த மிஷின், யாருக்கு எவ்வளவு நூல், யார் ஸ்டோர் ரூமுக்குள் போகலாம், எல்லாம் அவர் வழியாகத்தான். அவரை ஏய்க்க ஒரு வழி இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரிந்துவிட்டால், ரோட்டில் போகிறவன்கூட உள்ளே வந்து முதலாளி மாதிரி உத்தரவு போடலாம். அப்படி ஒரு ஓட்டை தெரியவரும்போதெல்லாம் அதை அடைத்து ஒரு புது கெர்னல் அனுப்புவார்கள். நாம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"அதான் போட்டுட்டேனே தம்பி. வாரா வாரம் போடுறேனே."

"போட்டிருக்கீங்கக்கா. ஆனா வந்தது சும்மா உக்காந்திருக்கு. ஓடிட்டிருக்கறது பழசுதான். ரீஸ்டார்ட் பண்ணாத்தான் புதுசு வேலைக்கு வரும்."

அதாவது, புது சூப்பர்வைசர் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் காத்திருக்கிறார், பழையவர் லைனை விட்டு நகரவே இல்லை. எங்கள் சர்வரை யாரும் நிறுத்தியதே கிடையாது. கரண்ட் போனால் யுபிஎஸ், அது தீர்வதற்குள் ஜெனரேட்டர். மாதா மாதம் மின்வாரியம் நிறுத்துகிற நாளில்கூட அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது நிற்காததில் முதலாளிக்கு ஒரு பெருமை. வந்தவர்களிடம் காட்டுவார். "வாங்கினதுல இருந்து ஒரு தடவகோட நிக்கலீங்க" என்பார், மாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி.

நான் கேட்டுப் பார்த்தேன்.

"இந்த ஷிப்மெண்ட் போகட்டும் அம்மிணி."

அது போனது. அடுத்தது வந்தது. அதுவும் போகட்டும் என்றார். திருப்பூரில் ஷிப்மெண்ட் இல்லாத நாள் என்று ஒன்று இருந்தால் அன்றைக்குக் கம்பெனியே இருக்காது.

அந்த வருஷம் சித்திரையில் அம்மா இறந்துபோனாள். அவளும் இதே கம்பெனியில் செக்கிங் டேபிளில்தான் இருந்தாள். அவளுக்கும் நெஞ்சுதான். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. கால்மேல் கால் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி. பூட்டை மட்டும் கை பழக்கத்தில் இழுத்துப் பார்த்தது. கேஸை மூடினேனா என்று கால் திரும்பி நடந்தது. நெஞ்சில் ஒன்றும் இல்லை.

புரட்டாசி முடிகிற சமயத்தில் சர்வீஸ் தம்பி போன் பண்ணினார். குரல் வழக்கம்போல இல்லை. அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் யாரோ உள்ளே புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டார்களாம். லேபிள் அடிக்க முடியாமல் பெட்டிகள் அப்படியே கிடக்கின்றனவாம். அதே ஓட்டைதான். "உங்களுதும் அதே பழைய கெர்னல்க்கா. தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. ஸார்கிட்ட நான் வேணாப் பேசறேன்."

அவர் பேசினார். முதலாளி என்னைக் கீழே கூப்பிட்டார்.

"அந்தத் தம்பி கம்பெனிக்காரங்க மொத்தமா அவங்களே பாத்துக்கறேங்கறாங்க அம்மிணி. அங்கிருந்தே எல்லாம் பண்ணிக்குவாங்களாமா. லேபிளைப் பேக்கிங்ல இருக்கற புள்ள அடிச்சுக்கும். உங்களுக்குச் செக்கிங்ல எப்பவும் எடம் இருக்குதுங்க, வேலையில இருந்து நிறுத்தறேன்னு நெனச்சுக்காதீங்க."

கெட்ட மனுசர் இல்லை. உண்மையிலேயே எனக்கு நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார். என் நெஞ்சைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் உடம்பு சரியில்லாத ஆள் என்று முழுசாகவே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்.

"எப்பங்க?" என்று கேட்டேன்.

"ஆயுத பூசை முடியட்டும். பாத்துக்கலாம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து அடுத்த லேபிளை அடித்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேக்கிங்கில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். விஷயம் என்னைவிட முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஏட்டி, உன்னயத் தூக்கி மறுபடி டேபிள்ல போடுதாவளாமே. நீ என்னன்னா பொங்கல் பானைக்கு முன்னால நிக்க மாதிரி நிக்க. போயி அழுது தொலையேன்."

"அழுகை வரல."

"வரலைன்னா வெங்காயம் தாரேன், வா."

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே மிஷின்களையெல்லாம் துடைத்து எண்ணெய் விட்டார்கள். பூஜையன்று காலையில் வாழைக்கன்று கட்டி, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். கட்டிங் கத்தி, இஸ்திரிப்பெட்டி, நூல் வெட்டுகிற ட்ரிம்மர் எல்லாம் ஒரு தட்டில் வரிசையாக சாமி முன்னால் இருந்தன. பூஜை முடிந்துவிட்டால் எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி தன் கையால் ஒவ்வொரு மிஷினையும் கொஞ்சம் ஓட்டிவிடுவார், அதற்குப் பிறகுதான் வேலை. பீகார்ப் பையன்கள்கூட அந்த வழக்கத்தை மீற மாட்டார்கள், பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தூரத்திலேயே நிற்பார்கள்.

முதலாளி கடைசியாக மாடிக்கு வந்தார். சர்வருக்கு எப்போதும் அவர்தான் பொட்டு வைப்பார். விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து, முன்பக்கம் நடுவில் வட்டமாக இருக்கிற பவர் பட்டன்மேல் வைத்தார். மனுசருக்கு நெற்றி எதுவோ அதற்கு அது என்று அவர் எண்ணம். ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் வைப்பார். மறுநாள் நான் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

சூடம் காட்டி முடித்ததும் கீழே மொத்த கம்பெனியும் அமைதியாக இருந்தது. இந்த அறையில் மட்டும் உஸ்ஸென்று சர்வரின் காற்றாடிச் சத்தம். எனக்குத் திடீரென்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமையும் லேபிள் ஓடும், தீபாவளி பொங்கலுக்குக் கம்பெனியையே பூட்டிவிடுவார்கள். ஆள் இருந்தும் லேபிள் வேண்டாத நாள் வருஷத்தில் இது ஒன்றுதான். நாளைக்குக் காலையில் மிஷின் ஓட்டிவிட்டால் கண்டெய்னருக்கு லேபிள் அடிக்க உட்கார்ந்துவிடுவோம். பிறகு அடுத்த பூஜைதான்.

"ஏனுங்க, இப்ப ரீஸ்டார்ட் பண்ணிக்கலாமுங்களா?"

முதலாளி கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை. "பூசை போட்டுட்டு ஆயுதத்தத் தொடறதுங்களா அம்மிணி? நல்லாக் கேட்டீங்க போங்க."

"எல்லா மிஷினும் ஓய்வா இருக்குதுங்க. இது மட்டும் ஓடிட்டே இருக்குது. இதுக்கும் ஓய்வு குடுக்கணும்னா நிறுத்தித்தானுங்க ஆகணும்."

கெட்டிக்காரத்தனமாகச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் எதையும் சொல்வதற்கு முன்னால் பத்துத் தடவை வயிற்றைக் கலக்கும், அன்றைக்கு அந்தக் கலக்கமும் இல்லை.

அவர் சர்வரைப் பார்த்தார். பொட்டு வைத்துவிட்டு அதை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோமே என்பது அவருக்கு அதுவரை தோன்றியதில்லை போலிருக்கிறது.

"அதும் செரிதானுங்க. நிறுத்திப்போடுங்க. ஆனா திருப்பிப் போடறது நாளைக்குத்தான். நல்ல நேரத்துல நானே போடறேன்."

சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டேன். பேக்கப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். நிறுத்து என்கிற உத்தரவைத் தட்டினேன். திரையில் வரி வரியாக ஏதோ ஓடி, இருண்டது. காற்றாடி இழுத்து இழுத்து நின்றது. அந்த அறையில் நான் அதுவரை கேட்டே இராத அமைதி. ஐசியூவில் அம்மாவுக்கு வைத்திருந்த மிஷினை நிறுத்தியபோதும் இப்படித்தான் இருந்தது. அப்போதும் நான் இப்படியேதான் நின்றேன். ஏசியை அணைத்து, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் என்ன இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். நிறுத்தின சர்வர் திரும்ப வருமா என்று கவலைப்பட்டு விழித்திருக்க வேண்டியவள் தூங்கினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

மறுநாள் காலையில் முதலாளி கீழே எல்லா மிஷினையும் ஓட்டிவிட்டு மாடிக்கு வந்தார். பின்னாலேயே கட்டிங் மாஸ்டர், பேக்கிங்காரி, இன்னும் சிலர். லேபிளுக்காகப் பெட்டிகள் ஏற்கெனவே வராந்தாவில் அடுக்கியிருந்தன. போனில் சர்வீஸ் தம்பி லைனில் இருந்தார்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, காய்ந்திருந்த சந்தனத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினார்.

ஒன்றும் ஆகவில்லை.

திரும்ப அழுத்தினார். கட்டைவிரலால் அழுத்தினார்.

"உள்ளயே போக மாட்டீங்குதே."

கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "நோம்பி நாள்ல நிறுத்தினா அதுக்கும் கோவம் வராதுங்களா? ஊட்டுல பொம்பளைங்களயே நோம்பியன்னிக்கு ஒண்ணும் சொல்லப்படாது."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமில்லை, அதைவிட மோசம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டோமே என்கிற பார்வை. வாங்கியதிலிருந்து நிற்காதது, நான் சொல்லி நிறுத்தியது. நாளையிலிருந்து செக்கிங் டேபிள் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. என் மூச்சு விசில் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேக்கிங்காரி என் முழங்கையைப் பிடித்து, "ஏட்டி, கல்லுச்சிலை மாதிரி நிக்காத, போயி என்னன்னு பாரு" என்று தள்ளிவிட்டாள்.

"அக்கா, என்னாச்சு? லைட் வந்துச்சா?" என்றார் போனில் தம்பி.

"பட்டன் அமுங்கல தம்பி."

"அமுங்கலையா? எப்படிக்கா அமுங்காம இருக்கும்?"

குனிந்து பார்த்தேன். மேலே இருந்த பொட்டைத் துடைத்தேன். பட்டனைச் சுற்றி மயிரிழை போல ஒரு இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியே இல்லை. மஞ்சளாக, கல் மாதிரி இறுகி, சுற்றிலும் பூசி மெழுகினது போல இருந்தது. நேற்று வைத்தது மட்டும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் வைத்த சந்தனம். நான் மேலே துடைக்கத் துடைக்க ஈரத்தில் கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது. வாங்கியதிலிருந்து யாரும் அந்தப் பட்டனை அழுத்தவே இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

"சந்தனம் தம்பி" என்றேன்.

"என்னதுக்கா?"

"சந்தனம். பூசைக்கு வெச்சது. உள்ள போயி காஞ்சுருக்கு."

"நான் இதுவரைக்கும் இப்படிக் கேள்விப்பட்டதே இல்லக்கா" என்றார். "தண்ணி மட்டும் ஊத்திராதீங்க. ஒயரைப் பிடுங்கிட்டு, கூரா எதாவது இருந்தா மெதுவாச் சுரண்டுங்க. நான் கிளம்பி வரணும்னா மத்தியானம் ஆயிரும்."

பேக்கிங்காரியிடம் கீழே தட்டிலிருந்து ஒரு ட்ரிம்மரை எடுத்து வரச் சொன்னேன். அதிலும் பொட்டு இருந்தது. அதன் ஒரு முனையை இடுக்கில் விட்டுச் சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பனியனில் இழுத்துக்கொண்ட நூலை எடுக்கிற மாதிரி, துணி கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. சந்தன வாசனை. தூள் மூக்கில் ஏறி இருமல் வந்தது. இருமல் நிற்கிற வரை திரும்பி இருந்துவிட்டு, மறுபடியும் குனிந்தேன். முதலாளி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருமல் ரொம்ப நாளா இருக்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க. பஞ்சு."

அவ்வளவுதான் சொன்னேன். இத்தனை வருஷம் மறைத்தது அவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது.

ஒயரைத் திரும்பச் சொருகி, விரலை வைத்தேன். பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டு, "நீங்களே போடுங்க" என்றேன். அவர் அழுத்தினார். பட்டன் ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போனது. விளக்கு எரிந்தது. காற்றாடி பெரிதாக இரைந்தது. திரையில் எழுத்துகள் ஓடின. தம்பி ஒரு வரியைத் தட்டச் சொன்னார். தட்டினேன். வந்த நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன்.

"புதுசுக்கா. புது கெர்னல்தான். ஓட்டை அடைஞ்சிருச்சு."

பிரிண்டர் முதல் லேபிளைத் துப்பியது. பேக்கிங்காரி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே ஓடினாள். எல்லோரும் கலைந்தார்கள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த லேபிள் வந்தது, எடுத்து வைத்தேன்.

அந்த வாரமே கோயம்புத்தூர்க் கம்பெனியோடு முதலாளி பேசி முடித்துவிட்டார். இனி அவர்கள்தான் எல்லா அப்டேட்டும். மாதா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டாயம் ரீஸ்டார்ட். ஷிப்மெண்ட் இருந்தாலும்தான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் என்னையும் உட்கார வைத்திருந்தார். தம்பியின் மேலதிகாரி, எல்லாமே தூரத்திலிருந்தே செய்துவிடலாம், இங்கே ஆளே தேவையில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சு, தவறொன்றும் இல்லை. முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் சொன்னார்.

"அதெல்லாஞ் செரீங்க. ஆனா கோயமுத்தூர்ல இருந்துட்டுச் சந்தனத்தச் சொரண்ட முடியாதுங்களே. எந்திரிச்சு வருதான்னு பாக்கறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணுமுங்க. அம்மிணி மாடியிலயே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "கதவச் சாத்தியே வெச்சுக்குங்க. பஞ்சு வராது" என்றார்.

அடுத்த வருஷம் பொட்டை எங்கே வைப்பது என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். பக்கவாட்டில் வைத்தால் காது மாதிரி ஆகிவிடுமே என்று முதலாளிக்கு ஒரே யோசனை. இன்னும் முடிவாகவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். ரீஸ்டார்ட்டுக்காக மத்தியானத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள், கம்பெனியில் வாட்ச்மேனும் நானும்தான். தம்பி கோயம்புத்தூரிலிருந்து ஏதோ தட்ட, என் முன்னால் திரை தானாக ஓடி இருண்டது. போனை மேஜைமேல் வைத்திருந்தேன்.

"அக்கா, இந்தப் பக்கம் சர்வரோட லைன் கட்டாயிருச்சு. இனி எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"வந்துருச்சா?"

"இன்னும் இல்ல தம்பி."

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. வழக்கத்தைவிட நேரம் ஆகிறதோ என்று தோன்றியது. பட்டன் பக்கமாக விரலைக் கொண்டுபோனேன். அம்மா போனதற்குப் பிறகு முதல் தடவையாக உள்ளங்கை வேர்த்திருந்தது. முந்தானையில் துடைத்தேன். திரும்பவும் வேர்த்தது.